கழட்டி

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அடையாள அட்டைக்குள் நிம்மதியாகத் தூங்குகிறது. பட்டறையிலும் தெருவிலும் அவன் கழட்டிதான். எதைக் கண்டாலும் கழட்டுவான். திரும்ப மாட்டுவதில் அவனுக்கு அவ்வளவு ருசி கிடையாது. மாட்டி முடித்த பிறகு நாலு திருகாணி மிஞ்சினால், அது அந்தப் பொருளைச் செய்தவனின் அதிகப்பிரசங்கித்தனம் என்பது அவன் கட்சி. மின்விசிறியின் கூண்டைக் கழட்டினான், காற்றை மறிக்கிறதாம். கட்டிலின் நடுச்சட்டத்தைக் கழட்டினான், தேவையே இல்லையாம். தேவை இருந்தது என்பதைக் கட்டில் கொஞ்ச நாளில் தானே விழுந்து காட்டியது.

"இத்தனை வருஷமா பட்டறை வச்சு என்னத்தைக் கழட்டினீங்க?" என்று மனைவி கேட்டால் அவன் அதைத் திட்டாக எடுத்துக்கொள்ள மாட்டான். கழட்டியதை எல்லாம் விலாவாரியாகச் சொல்லத் தொடங்கிவிடுவான்.

மனைவி கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். சொந்தக் கார், கொஞ்சம் பழசு, கூரை மேல் 'எல்' எழுதிய பலகை. அவளுடைய வித்தை முழுவதும் ஒரே வாக்கியத்தில் இருந்தது. "வண்டி நடுங்குற இடத்துல காலை நிறுத்துங்க." கிளட்சை மெல்ல விட்டுக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் எஞ்சின் பிடிக்கும், வண்டி லேசாக நடுங்கும். அங்கே கால் ஒரு மூச்சு நேரம் நின்றால் கார் நோகாமல் நகரும். நிற்காவிட்டால் தவளை மாதிரித் துள்ளிவிட்டு அணைந்துபோகும். எத்தனையோ பேர் இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள்.

அந்தக் காருக்கு எஞ்சின் பெல்ட் மாற்ற வேண்டி வந்தது. எஞ்சினைத் திறந்து போட்டுக் கழட்டியைப் பக்கத்தில் விடுவது பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். உள்ளே பேலன்ஸ் ஷாஃப்ட் இரண்டு இருந்தன. பிஸ்டன்கள் மேலும் கீழும் குதிக்கிற குதியில் எஞ்சின் அதிரும். அந்த அதிர்வுக்கு எதிராகச் சுழன்று அதை அடக்குவதுதான் இந்த இரண்டு தண்டுகளின் பிழைப்பு. மற்றபடி அவை சக்கரத்தைச் சுற்றுவதில்லை, எதையும் இழுப்பதில்லை.

"சும்மா சுத்திக்கிட்டு இருக்கு," என்றான் கழட்டி, எஞ்சினைப் பார்த்து. "இது தண்டு இல்ல, தண்டம்."

பந்தயக்காரர்கள் இதைக் கழட்டிவிடுகிறார்கள், எஞ்சினுக்குச் சுமை குறைகிறது, இழுவை கூடுகிறது என்று எங்கேயோ கேட்டிருந்தான். இரண்டாவது கியரைத் தாண்டாத பயிற்சிக் காருக்கு இழுவை எதற்கு என்று கேட்க அங்கே ஆளில்லை. கழட்டிவிட்டான். வேலையில் குறை சொல்ல முடியாது. தண்டு இருந்த இடத்தில் எண்ணெய் வீணாக வழியாதபடி துளைகளைக்கூட ஒழுங்காக அடைத்தான். தண்டுகளைத் துணியில் சுற்றி மேசைக்கடியில் போட்டான். மனைவியிடம் பெல்ட் மாற்றியாயிற்று என்று மட்டும் சொன்னான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், நடுங்குகிற காரை எங்கே மறைப்பது? அன்றைக்கே அவள் வந்து நின்றாள்.

"வண்டி ஒரு மாதிரி நடுங்குதுங்க. ஸ்டியரிங் கைக்குள்ள கிர்ருங்குது."

அவனும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். கண்ணாடியில் பின்னால் வந்த ஒரே சைக்கிள் இரண்டாகத் தெரிந்தது. கூரைப் பலகை கடகடவென்று பல்லைக் கடித்தது. இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, "நல்லாத்தான் ஓடுது. எனக்கு ஒண்ணும் தெரியல," என்றான்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. வண்டியில ஒண்ணும் இல்ல. உன் கைதான் ஏதோ."

தப்பிக்கிற அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னான். அவள் தன் கையை ஒருமுறை பார்த்தாள். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு போனாள். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

அவளிடம் அப்போது படித்துக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். பாடம் பட்டறை வாசலில்தான் தொடங்கும், அங்கேயே முடியும். டாக்டர் கிளட்சை மிதித்தார், வண்டி நடுங்கியது. விட்டார், நடுங்கியது. சும்மா உட்கார்ந்திருந்தார், அப்போதும் நடுங்கியது.

"டீச்சர், எந்த நடுக்கத்துல காலை நிறுத்தணும்?" என்று கேட்டார்.

பட்டறைக்குள் கழட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கார் தெருமுனை வரை தவளையாகவே போய்த் தவளையாகவே திரும்பியது. இறங்கிய டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னதும் அவன் காதில் விழுந்தது.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். தண்ணி பாட்டிலைத் திறக்கும்போது பாத்தேன், உங்க கை நடுங்குது. எனக்குத் தெரிஞ்ச நரம்பு டாக்டர் ஒருத்தர் இருக்கார்."

நாள் முழுக்க அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தால் இரும்புக் கையும் நடுங்கும். இந்தப் பல் டாக்டருக்கு எதற்கு ஊர் வம்பு என்று நினைத்தானே தவிர, அப்போதும் கழட்டிக்கு உறைக்கவில்லை.

உறைத்தது மறுநாள் காலையில். டீ குடிக்க வீட்டுக்குள் போனான். அவள் அவனுடைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பட்டனைப் போட்டாள். பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்தாள். மறுபடியும் மேலிருந்து போட ஆரம்பித்தாள்.

"என்ன பண்ற?"

"பட்டன் போட வருதான்னு பாக்கறேங்க."

அவளுடைய அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுக்கம். பட்டன் போட வராது. தினமும் காலையில் போட்டுவிட்டவன் கழட்டிதான். "உங்களுக்குச் சிரமம், மாப்பிள்ளை" என்று அந்த மனிதர் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு தடவை சொல்வார். மாமனார் என்பதற்காக அல்ல, நல்ல மனிதர் என்பதற்காகவே அவரை அவனுக்குப் பிடிக்கும்.

"அப்பாவுக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சது," என்றாள் அவள். "சாயங்காலம் அந்த நரம்பு டாக்டரைப் பாக்கப் போறேன். எப்படியும் பாடம் எடுக்கறதை நிறுத்திடலாம்னு இருக்கேன். நடுங்குற கையை வச்சுக்கிட்டு அடுத்தவங்க உசிரோட விளையாட முடியாதுங்க."

டாக்டரிடம் போகட்டும், அவள் திரும்புவதற்குள் தண்டுகளை மாட்டிவிட்டால், மருந்தில் குணமானதாக அவளே நினைத்துக்கொள்வாள் என்று அவன் புத்தி கணக்குப் போட்டது. கழட்டியின் மூளை அப்படி. ஆனால் அவள் விரல்கள் மறுபடியும் முதல் பட்டனுக்குப் போவதைப் பார்த்தபோது அவனுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது. பட்டறைக்கு ஓடினான். துணிமூட்டையை எடுத்து வந்து சட்டைக்குப் பக்கத்தில் பிரித்து வைத்தான்.

"என்னங்க இது?"

"உன் கைக்கு ஒண்ணும் இல்லம்மா. வண்டிதான் நடுங்குது. அது நடுங்காம இருக்கத்தான் இந்த ரெண்டும். நான்தான் கழட்டிட்டேன்."

அவள் தண்டுகளையே பார்த்தாள். முதலில் பெருமூச்சு ஒன்று வந்தது. கண் நிறைந்தது. அவன் அதைப் பார்த்து, பிழைத்தோம் என்று நினைத்தான். கொஞ்சம் முந்திவிட்டான்.

"நான் அன்னிக்கே கேட்டேன்."

"கேட்ட."

"என் கைதான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

அவள் எழுந்தாள். வலது கையை விரித்து அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். கை கிடுகிடுவென்று ஆடியது. எஞ்சினும் இல்லை, நோவும் இல்லை. சுத்தமான கோபம்.

"இப்ப நடுங்குது, பாரு," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அது 'பாருங்க'வாகத்தான் இருந்தது.

அந்த வாரமே அவன் தண்டுகளை மாட்டிவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை. கார் நடுங்க வேண்டிய இடத்தில் மட்டும் நடுங்குகிறது, பல் டாக்டர் லைசென்ஸ் வாங்கிவிட்டார். கழன்று விழுந்த அந்த 'ங்க'வை மட்டும் எப்படி மாட்டுவது என்று கழட்டிக்கு இன்றுவரை தெரியவில்லை.