உப்பிட்ட குழி

விடிவதற்குள் நான்கு கூடை இறால் உரித்தாயிற்று. சுடலைமாடத்தியின் விரல்நுனிகளில் தோல் இல்லை. படிகாரத் தண்ணீரில் கையை முக்கும்போதெல்லாம் உயிர் போய் வந்தது. திருவனந்தபுரத்து வலியதுறைக் கடற்கரையில், நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்த பெண்கள் முப்பது பேர் முதலாளி கோலப்பனின் கொட்டகையில் குந்தியிருந்தார்கள். உரித்த தலையும் ஓடும் அவர்களுடைய குடிசைகளின் கிணற்றோரமே குவிந்து அழுகின. அந்தக் கிணற்று நீர்தான் சென்ற ஆண்டு மாடத்தியின் கைக்குழந்தையைப் பேதியில் கொண்டுபோயிற்று. மிஞ்சியவள் மூன்று வயது மகள்.

கிணற்றுக்கு எட்டத்தில் குழி வெட்டி, இறால் ஓடுகளையும் சாணத்தையும் தென்னை நார்த்தூளையும் மாற்றி மாற்றி அடுக்கி மூடினால் உரமாகிவிடும் என்று நர்ஸ் சரஸ்வதியம்மாள் கற்றுக்கொடுத்தாள். மாடத்தி போய்க் கேட்டதும் கோலப்பன் இடம் கொடுத்தார். நாறினால் மாடத்தியின் குடிசை காலி என்றார்.

நாற்றத்துக்கு அஞ்சிய பெண்கள், மீனுக்குச் செய்வதையே குழிக்கும் செய்தார்கள். அடுக்குக்கு அடுக்கு உப்பு. உப்பில் எதுவும் மக்கவில்லை. இடவப்பாதிப் பருவமழை தொடங்கியதும் குழி கறுத்த நீராய்ப் பொங்கிக் கரையெங்கும் நாறியது. உப்புத்தான் கெடுத்தது என்று நர்ஸ் சொன்னபோது காலம் கடந்திருந்தது.

அன்று விடிந்ததும் கோலப்பன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

"எந்தா மாடத்தி, ஊறுகாயா போட்டிருக்கே?"

"தெரியாமப் பண்ணிட்டோம் மொதலாளி. உப்பில்லாம இன்னொரு தடவ..."

"மதி, போதும். இனி பழையபடி கிணத்தோரமே தட்டு. உச்சிக்கு முந்தி குடிசைய ஒழிஞ்சு தரணும், கேட்டோ?"

"அந்தத் தண்ணிதான் எம்புள்ளயக் கொன்னது."

"கடப்புறத்துல பிள்ளை சாகாத வீடு ஏதுடி? இன்னொண்ணு பெத்துக்கோ."

உரிக்கும் ஓசை நின்றது. அவர் கையசைத்ததும் இரண்டு ஆட்கள் மாடத்தியின் பானைகளை மணலில் எறிந்தார்கள். ஒன்று உடைந்தது.

பக்கத்துக் குடிசைக்காரி பேச்சித்தாய் எழுந்தாள். "உப்புப் போட்டது நாந்தான் மொதலாளி. என் குடிசையயும் ஒழிங்க."

"நானும் ரெண்டு செரட்டை போட்டேன்" என்றது ஒரு குரல்.

"நான் போட்டது ஒரு மூடைக்குக் காணும்" என்றாள் மற்றொருத்தி. யாரோ சிரித்தார்கள். முப்பது பேரும் எழுந்துவிட்டிருந்தார்கள்.

மாடத்தி புதுக் குழி வெட்ட மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுமணலுக்கு நடந்தாள். பின்னால் ஓடு நிறைந்த கூடைகளோடு பெண்கள் வந்தார்கள். கொட்டகையில் ஐஸ் உருகி, உரிக்காத இறால் பெட்டிகளிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது.

"எடீ, பத்து மணிக்கு இறால் ஏத்த லாரி வரும்!" கோலப்பன் கத்தினார்.

"வரட்டும் மொதலாளி" என்றாள் மாடத்தி, முதல் வெட்டு வெட்டியபடியே. "நாங்க வெட்டி முடிக்க மத்தியானம் ஆவும்."