வுத்தி ஜன்னலில் சிக்கிய திருநாள்

மேலறையை வாடகைக்குப் பார்க்க வந்த மனிதர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தன் சாப்பாட்டைத் தானே அறைக்குள் சமைத்துக்கொள்வார். சாப்பிடும்போது கதவைப் பூட்டிக்கொள்வார். அந்த நேரம் யாரும் தட்டக் கூடாது. சூசைதாசன் உடனே சம்மதித்துவிட்டார். பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்கிறவருக்கு, பூட்டிய கதவும் சத்தமில்லாத குடியிருப்பாளரும் கிடைப்பது பெரிய கொடுப்பினை. டொலறஸுக்குத்தான் அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மன்னாரிலிருந்து இந்த வெள்ளைக்கார ஊரான கோலியர்ஸ் வுட்டுக்கு வந்த இத்தனை காலத்தில் அவள் வீட்டு வாசலை மிதித்த ஒருவரும் சாப்பிடாமல் போனதில்லை. காஸ் மீற்றர் பார்க்க வந்த வெள்ளைக்காரனுக்கே புட்டும் மீன் குழம்பும் கொடுத்து, கண்ணில் நீர் வழிய அனுப்பிவைத்தவள் அவள்.

வந்தவர் கம்போடியாக்காரர். ஒல்லியான உடம்பு, நாற்பது வயது இருக்கும், ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. பெயர் வுத்தி. டொலறஸின் நாக்கில் அது புத்தி ஆகிவிட்டது. அவளுடைய சிநேகிதி பியற்றிஸ் தொலைபேசியில், புத்தி வீட்டில் இருக்கோ என்று கேட்டால், "எங்கட வீட்டில புத்தி மேலதான் இருக்கு, கீழ நானும் இவரும் மட்டும்தான்" என்று டொலறஸ் வெகு சாதாரணமாகச் சொல்லுவாள். பக்கத்தில் இருக்கும் சூசைதாசன் பேப்பரால் முகத்தை மூடிக்கொள்வார்.

டொலறஸ் மேலே அனுப்பிய இறால் குழம்பு, மிகுந்த நன்றியோடு, தொடப்படாமல் கீழே வந்தது. கோழிக்கறியும் அப்படியே. அதற்குப் பிறகு சருவச்சட்டிகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு சனிக்கிழமையும் மாதா கோயில் மண்டபத்தில் நடக்கும் பழைய சாமான் விற்பனைக்குப் போய், வுத்தி ஒரு சட்டியோடு திரும்பினார். முதலில் ஒரு முட்டை அவிக்கிற அளவில் ஒன்று. பிறகு கல்யாணச் சோறு வடிக்கிற அளவில் ஒன்று. பிறகு பிடி இல்லாதது, அதன் பிறகு மூடி மட்டும்.

"தனி ஆளுக்கு என்னத்துக்கு இவ்வளவு சட்டி?" என்றாள் டொலறஸ். "மேல ஒருத்தியை ஒளிச்சு வைச்சிருக்கிறான். நீங்கள் போய்ப் பாருங்கோ."

பல்ப் மாற்றும் சாக்கில் சூசைதாசன் மேலே போனார். மினுக்கித் துடைத்த சட்டிகள் சுவர் ஓரமாக, பூசைக்கு வந்த குடும்பம் போல உயர வரிசையில் நின்றன. பெண் எவரும் இல்லை. எல்லாவற்றிலும் சிறிய சட்டியில் ஒரு முட்டை கொதித்துக்கொண்டிருந்தது. அதன் எதிரே நாற்காலி போட்டு, தொலைக்காட்சி பார்க்கிறவர் மாதிரி வுத்தி உட்கார்ந்திருந்தார். சூசைதாசன் நன்றாக எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றிக் கீழே போட்டு உடைத்து, மன்னிப்புக் கேட்டு, இறங்கி வந்தார்.

"பொம்பிளை இல்லை. முட்டைதான்" என்றார்.

ஆகஸ்ட் மாதம் மடுமாதா திருநாள் வந்தது. பூசைக்குப் பிறகு மண்டபத்தில் எல்லாருக்கும் விருந்து; சமையலுக்குப் பொறுப்பு டொலறஸ். அன்றைக்காவது அந்த மனிதரைச் சாப்பிட வைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். மறுக்கத் தெரியாமல் வுத்தி வந்தார். வெயில் கொளுத்திய நாளில் கழுத்துவரை பொத்தான் போட்ட குளிர்கோட்டோடு வந்தார்.

விருந்தை ஒழுங்குபடுத்தியவர் பெனடிக்ற். ஊரில் பள்ளிக்கூடத்தில் தேகப்பியாச ஆசிரியராக இருந்தவர். நாலு பேர் சேர்ந்து நின்றால் அவர்களை வரிசையாக்காமல் அவருக்குப் பொறுக்காது. பீடத்து மணியை எடுத்து வந்து அடித்தார். ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம், பிளேற்றை நெஞ்சுக்கு நேரே பிடியுங்கள், அடுத்த மணி வரை ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது என்று அறிவித்தார். சனம் சிரித்துக்கொண்டே வரிசையானது.

இரண்டாம் மணி அடித்தபோது வுத்தி வரிசையில் இல்லை.

சூசைதாசன் தேடிப் போனார். ஆண்கள் கழிப்பறையின் சிறிய ஜன்னலில் இரண்டு கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கால்களுக்கு மேலே இடுப்பு வரை உள்ளே. மிச்ச உடம்பு கோயில் தோட்டத்தில். சூசைதாசன் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒரு சப்பாத்துதான் கையோடு வந்தது. இவ்வளவு மெல்லிய ஆள் எப்படி இறுகினார் என்று கோட்டைத் தடவிப் பார்த்தபோது, வயிற்றோடு கட்டியிருந்த சருவச்சட்டி தட்டுப்பட்டது. அதற்குள் சோறு கொண்டு வந்திருந்தார்.

சட்டியை அவிழ்த்து விட்டால் வெளியே வந்துவிடலாம் என்று சூசைதாசன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். முடியாது என்று தோட்டத்துப் பக்கமிருந்து குரல் வந்தது. ஏன் என்று கேட்டார்.  வுத்தி சொல்லத் தொடங்கினார். முகம் தெரியாததால் சூசைதாசன் அந்த இரண்டு கால்களைப் பார்த்தே கேட்டுக்கொண்டு நின்றார். ஒன்றில் சப்பாத்து இருந்தது, மற்றதில் ஓட்டைக் காலுறை.

வுத்தி சிறுவனாக இருந்தபோது கம்போடியாவை ஆண்ட பொல் பொட்டின் ஆட்கள் ஊரையே வெறுமையாக்கி எல்லாரையும் வயலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். முதலில் மணிக்கூடு, புத்தகம், மூக்குக்கண்ணாடி. பிறகு சட்டி பானையையும் பிடுங்கினார்கள். சொந்தமாக ஒரு சட்டி வைத்திருந்தால் குற்றம், தனியாகச் சமைத்தால் துரோகம். மணி அடித்தால் வரிசையில் போய்க் கஞ்சி வாங்க வேண்டும். அதில் சோற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

"அக்கா ஒரு வெறும் பால் ரின் டப்பாவில் தவளை அவித்தாள்" என்றார் வுத்தி. "எனக்காக. நான் காய்ச்சலில் கிடந்தேன். புகையைக் கண்டு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது கண்ணால் காட்டினாள், சாப்பிடு என்று. சாப்பிட்டேன்."

"அக்கா திரும்பி வந்தாவோ?"

"இல்லை."

சூசைதாசன் கையில் இருந்த சப்பாத்தை மெதுவாக அந்தக் காலில் போட்டு, கயிற்றையும் கட்டிவிட்டார்.

வெளியே கழிப்பறைக்கு வரிசை கூடிக் கதவு தட்டப்பட்டது. ஆண்கள் கழிப்பறை என்றும் பாராமல் டொலறஸ் உள்ளே வந்தாள். கால்களைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். சூசைதாசன் கேட்டதை எல்லாம் தமிழில், அவசரமாகச் சொல்லி முடித்தார். அவள் போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு திரும்பி, ஜன்னல் சட்டத்திலும் கோட்டிலும் கவிழ்த்தாள். சட்டியைத் தொடவில்லை.

"இப்ப தள்ளுங்கோ" என்றாள்.

வுத்தி வழுக்கிக்கொண்டு போய்ச் சுவாமியாரின் ரோசாச் செடிகளுக்குள் விழுந்தார். முள் கீறிய முகத்தோடு எழுந்து, முதலில் கோட்டைத் திறந்து சட்டியைப் பார்த்தார். மூடி அப்படியே இருந்தது.

மண்டபத்துக்குத் திரும்பியதும் டொலறஸ் நேரே பெனடிக்ற்றின் மேசைக்குப் போனாள். மணியை எடுத்தாள். ஒரு நாற்காலியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். பெனடிக்ற் மேசைக்குக் கீழும் பியானோவுக்குப் பின்னாலும் தேடிவிட்டு அவளிடம் வந்தார்.

"அக்கா, மணியைக் கண்டனீங்களோ?"

"இல்லைத் தம்பி" என்று அவள் திரும்பியபோது, கீழே டணங் என்றது. "அது என்ர முழங்கால். குளிருக்கு அப்பிடித்தான்."

ஆகஸ்ட் வெயிலில் என்ன குளிர் என்று கேட்க பெனடிக்ற்றுக்குத் துணிவு வரவில்லை. வரிசை கலைந்து சனம் விருப்பப்படி உட்கார்ந்து சாப்பிட்டது. மூலையில், சுவரைப் பார்த்த நாற்காலியில், வுத்தி தன் சட்டியைத் திறந்து தன் சோற்றைச் சாப்பிட்டார். கத்தரிக்காய்க் கறியோடு பரிமாற வந்த பியற்றிஸை டொலறஸ் தூரத்திலேயே கண்ணை உருட்டி நிறுத்தினாள். ஆனால் அவளுடைய வலது கை அகப்பையை விடவில்லை. பாவம், அவளுக்கும் அது பெரிய சோதனை.

அதன் பிறகு அவள் சமைத்த எதையும் மேலே அனுப்பவில்லை. டூட்டிங் தமிழ்க் கடைக்குப் போய் வரும் நாளில் உரிக்காத இறால், நறுக்காத முருங்கைக்காய், ஒரு கட்டுக் கறிவேப்பிலை என்று மேலறை வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்குவாள். சமைக்காத சாமான் சாப்பாட்டுக் கணக்கில் வராது என்பது அவள் கட்சி. வுத்தியும் அதை ஏற்றுக்கொண்டார். முருங்கைக்காயை மட்டும் சக்கையோடு விழுங்கி இரண்டு நாள் அவதிப்பட்டார்.

குளிர்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, வுத்தி இரண்டு கைகளிலும் இரண்டு சட்டிகளோடு படியிறங்கி வந்தார். ஒன்றைச் சூசைதாசன் முன்னால் வைத்தார், மற்றதை டொலறஸ் முன்னால். இஞ்சியும் மீனும் எலுமிச்சைப் புல்லும் மணத்தன.

"இது உங்களுடையது. இது உங்களுடையது" என்றார். "ஒருவருக்கும் கொடுக்கத் தேவையில்லை." மேலே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

கல்யாணமான நாள் முதல் டொலறஸ் எல்லாருக்கும் போட்டு, மிஞ்சியதை வழித்துச் சாப்பிட்டுப் பழகியவள். தனக்கென்று முழுசாக ஒரு சட்டி முன்னால் இருந்ததை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். உறைப்புப் போதாது என்றாள். பிறகு குனிந்து சாப்பிடத் தொடங்கினாள். தன்னுடையதை மளமளவென்று முடித்த சூசைதாசன், ஒரு மீன் துண்டுக்காகக் கையை மெல்ல நீட்டினார்.

டொலறஸ் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"உங்கட உங்களுக்கு" என்றாள், வாய் நிறைய மீனோடு. "என்ர எனக்கு."