வலது காதில் நிற்காத பூ

ஹுவாஹினே தீவில் ஒரு பெண்ணிடம் வாய்விட்டு எதையும் கேட்க வேண்டியதில்லை, காதைப் பார்த்தால் போதும். தியாரேப் பூ வலது காதில் இருந்தால் தனி ஆள். இடது காதில் இருந்தால் அவளுக்கென்று ஒருவன் இருக்கிறான். வைமிதியின் புருஷன் புனுவா செத்து, வீட்டு முற்றத்திலேயே அடக்கமாகி மூன்று வருடம் ஆகியும் அவள் பூ இடது காதைவிட்டு நகரவில்லை. அது எப்போது இடம் மாறும் என்று பார்த்துப் பார்த்தே அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட மீன்காரன் திஹோதியின் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. தேவாலயத்தில் பாதிரியார் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் மீன் கொடுக்கும் சாக்கில், என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்டேவிட்டான்.

"வாசல்ல ஒரு தியாரே கூட இல்லாத வீட்டுக்கா என்னைக் கூப்பிடறே?" என்றாள் வைமிதி. "நீயே ஒரு செடி வெச்சு வளர்த்து, முதல் பூவைக் கொண்டா. வலது காதுல வெச்சுக்கறேன். அது அங்க இருக்கும்போது கேளு, சரின்னு சொல்றேன்."

திஹோதி ஏரிக்கரைப் பக்கம் போனான். கூரை விழுந்த ஒரு பாழ் வீட்டு முற்றத்தில் ஒரு தியாரே செழித்து நின்றது. கேட்க ஆளில்லை. ஒரு கிளையை வெட்டி வந்து தன் வாசலில் ஊன்றினான்.

மற்றவர்கள் நட்டால் அடுத்த வருடம் பூக்கும் செடி, இவனுக்கு அடுத்த மாதமே இடுப்பளவு வளர்ந்தது. காற்றே இல்லாத நாளிலும் வைமிதி வீட்டுப் பக்கமே சாய்ந்தது. கம்பு நட்டுக் கட்டினான். மறுநாள் கம்பும் சேர்ந்து சாய்ந்திருந்தது. கிட்டப் போனால் தாழை இலையில் சுருட்டிய புகையிலை வாசம் வேறு. திஹோதி சுருட்டைத் தொடாதவன். உரத்தில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்துகொண்டான்.

முதல் பூவைக் கொண்டு கொடுத்தான். வைமிதி வலது காதில் செருகிக்கொண்டு, காப்பியில் தேங்காய்ப் பால் ஊற்றித் திரும்பினாள். பூ இடது காதில் இருந்தது.

"ஏ திஹோதி, கை வெச்சியா?"

"ரெண்டு கையும் கோப்பையிலதானே இருக்கு!"

மறுபடி வலது காதில் வைத்துக் கொண்டை ஊசியும் குத்தினாள். கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பார்த்தால், பூ ஊசியோடு இடது காதில். வைமிதி முகர்ந்து பார்த்தாள்.

"இது அவரோட புகையிலை வாசம். நீ கிளம்பு. இனிமே வராதே."

விஷயம் கேட்டு திஹோதியின் அக்கா மரேதா வந்தாள். இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு, தம்பி பக்கத்துத் தீவிலிருந்து வருவதற்கு வெகுகாலம் முன்பே குடியேறியவள் அவள்.

"கிளையை எங்கடா வெட்டினே?"

"ஏரிக்கரைல, கூரை விழுந்த வீட்டுல."

"அடப் பாவி! அது புனுவா பொறந்த வீடு. அவனோட நஞ்சுக்கொடியைப் புதைச்சு, அது மேல அவன் அம்மா வெச்ச செடிடா அது! அவன் உசுரே அதுலதான்."

"எனக்கு யார் சொன்னா?"

"உனக்கு அவ காதைத் தவிர என்ன தெரியும்? ஒருத்தன் பொண்டாட்டியைக் கேக்கப் போற லட்சணமா இது? அவனையே கொண்டாந்து வாசல்ல நட்டுத் தண்ணி ஊத்தியிருக்கே!"

"வெட்டிப் போட்டுடவாக்கா?"

"வெட்டேன். அதை வெட்டின கை என்ன ஆகும்னு பாக்க எனக்கும் ஆசைதான்."

திஹோதி செடியின் எதிரே உட்கார்ந்தான். வைத்திருந்தால் வைமிதி கிடைக்கமாட்டாள். புனுவாவிடமே கொடுத்துவிட்டாலோ, அவளிடம் கொண்டு போய் நீட்ட ஒரு பூவும் இல்லை. வெகுநேரம் கழித்து மண்வெட்டியை எடுத்தான்.

வேர் நோகாமல் மண்ணோடு பெயர்த்து, ஈரப்பலா இலையில் சுற்றித் தள்ளுவண்டியில் ஏற்றினான். பட்டப்பகல். வண்டியைத் தள்ள வேண்டியிருக்கவில்லை. அது போன வேகத்துக்கு இவன்தான் பின்னால் ஓடினான்.

புனுவாவின் கல்லறை ஓரம் குழி தோண்டி நட்டான்.

"தெரியாம உன்னைத் தூக்கிட்டுப் போயிட்டேன்பா. இந்தா, உன் வீட்டுலயே இரு. நான் இனிமே வரமாட்டேன்."

செடி நிமிர்ந்து நின்றது. வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வைமிதி இறங்கி வந்து, ஒரு பூவைப் பறித்து வலது காதில் வைத்தாள். தெருவில் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது. பூ நகரவில்லை.

"இப்பக் கேளு," என்றாள்.

திஹோதி வாயைத் திறந்தான். வைமிதி அவன் முகத்தையே பார்த்தாள்.

"உனக்கு யாரு வெச்சது?"

தடவிப் பார்த்தான். இடது காதில் ஒரு மொட்டு. ஆண்கள் வைத்துக்கொள்ளும் விரியாத மொட்டு; காதுக் கணக்கு அவர்களுக்கும் அதேதான். அவன் எதையும் பறிக்கவில்லை. காதின் பின்புறம் ஈர மண் போலச் சில்லென்றிருந்தது.

"நான் சரின்னு சொல்றதுக்குள்ள அவரே சொல்லிட்டாரு," என்றாள் வைமிதி. அவள் சிரிக்கவில்லை.

திஹோதி மொட்டை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. யாரோ விரலால் அழுத்திப் பிடித்திருந்தார்கள்.