முதலில் யாரை எடுப்பது

1

இந்தக் கதை ஒரு கெச்சப் புட்டியிலிருந்து வந்தது. இன்னும் கௌரவமான பிறப்பு ஏதாவது சொல்லலாம்தான். ஆனால் நடந்தது அதுதான்.

அமெரிக்காவில், டொலீடோ நகரின் கிழக்குப் பக்கத்தில், தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மாதா கோவில் மண்டபத்தில் மீன் பொரித்துப் போடுவார்கள். ஊரே வரும். நான் எந்தக் கோவிலுக்கும் சரியாகச் சொந்தமில்லாதவன். மீனுக்கு ஏது மதம் என்று வருடக்கணக்காகப் போய்க்கொண்டிருக்கிறேன். இந்த மார்ச்சில் எனக்கு எதிரே வயதான கணவன் மனைவி உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஐந்து உப்புக் குப்பிகளை (அதில் ஒன்று என்னுடையது, கேட்காமல் எடுத்தது) வரிசையாக நிறுத்தினார். அவற்றுக்குப் பின்னால் கெச்சப் புட்டியை வைத்தார். மீன் ஆறுவதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கையை நீட்டி, இடது கோடியில் நின்ற குப்பியை எடுத்துத் தன் உருளைக்கிழங்கின் மேல் உப்புத் தூவிக்கொண்டார். திருப்பி வைக்கவில்லை.

"அது அங்க நிக்கணும்," என்றார் அவர்.

"நின்னப்ப மட்டும் என்னத்தக் கிழிச்சுது," என்றார் அந்த அம்மாள்.

நான் கண்டது இவ்வளவுதான். அவர் யாரோ, காப்பீடு விற்பவராகக்கூட இருக்கலாம். வீடு வந்து சேருவதற்குள் அவருக்கு எமெரி வார்கா என்று பெயர் வைத்து, எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்குத் தலைமை மேலாளர் ஆக்கிவிட்டேன்.* அவர் மனைவிக்கு மார்கிட் என்று பெயர் வைத்தேன்.

* டொலீடோவில் அப்படி ஓர் அணி கிடையாதே என்பவர்களுக்கு: கிடையாதுதான். தோற்பதற்கு ஓர் அணி தேவைப்பட்டது. இருக்கிற அணியை எடுத்தால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

2

ஆரம்பத்துக்கு மூன்று தடவை முட்டி மோதினேன்.

"விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஏப்ரல் மாலை ஒன்றில், எமெரி வார்கா தன் நாற்காலியில் சாய்ந்து —"

(சோகக் கதை என்றால் மழை பெய்தே தீரவேண்டுமா. வேண்டாம்.)

"அறுபத்திரண்டு வயதான எமெரி வார்காவின் அணி போன பருவத்தில் ஆடிய ஆட்டங்களில் —"

(கணக்கு யாருக்கு வேண்டும். தோற்றது. நாய்கூடத் திரும்பிப் பார்க்காத அளவுக்குத் தோற்றது.)

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெயர்தான் கால்பந்து. இங்கே பந்து காலில் படுவது அபூர்வம். எறிபவன் ஒருவன், அவனைக் குவார்ட்டர்பேக் என்பார்கள். கெச்சப் புட்டி அவன்தான். எறிவதற்குள் அவனை அடித்து வீழ்த்த எதிரணி பாய்ந்து வரும். அதைத் தடுக்க அவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் சுவர்போல நிற்பார்கள். வலது கையால் எறிகிறவனுக்கு இடது பக்கம் முதுகு. அந்தப் பக்கமிருந்து வருகிறவனை அவன் பார்க்கவே முடியாது. அந்த முதுகைக் காப்பவன் பெயர் இடது டேக்கிள். எறிபவனின் பெயர் கைக்குழந்தைக்கும் தெரியும். டேக்கிளின் பெயர் அவன் தவறு செய்த அன்றுதான் ஊருக்குத் தெரியவரும்.

வருடத்துக்கு ஒருமுறை, கல்லூரியில் ஆடிய பையன்களை அணிகள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கும் இடம் இதுதான். படையில் கடைசியாக வந்தவனுக்கே பந்தியில் முதல் இலை. இந்த வருடம் முதல் இலை எங்களுக்கு.

முதல் இலை கிடைக்கும்போதெல்லாம் எங்கள் ஊர் குவார்ட்டர்பேக்கைத்தான் எடுக்கும். ஓட்டைச் சுவருக்குப் பின்னால் நிறுத்தும். அவன் உடைந்ததும் அனுப்பிவிட்டு இன்னொருவனை எடுக்கும். சுவர் இருந்தால்தானே சித்திரம் என்று நம்மூரில் சொல்வோம். இங்கே சுவரைத் தொடமாட்டார்கள், சித்திரத்தை மட்டும் மாற்றுவார்கள். (இரண்டாவது வரைவில் இந்தப் பழமொழியை வார்காவின் வாயில் வைத்திருந்தேன். அவர் வாயில் அது தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது. திரும்ப எடுத்துக்கொண்டேன்.)

வார்கா முட்டாள் இல்லை. இது அவருக்கும் தெரியும். புது எறிபவன் வந்தால் ஊர் இரண்டு வருடம் பொறுக்கும் என்பதும் தெரியும். டேக்கிளை எடுத்தால் இரண்டு வாரம்கூடப் பொறுக்காது. இந்தத் தடவையும் சொதப்பினால் பெட்டியைக் கட்டிக்கொள்ளலாம் என்று முதலாளி கையைக் குலுக்கிக்கொண்டே சொல்லியிருந்தார்.

3

மீன் மண்டபத்தில் ஒரு வழக்கம் வைத்தேன். வார்கா சாப்பிடும்போது யாரும் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது. அவர் எழுந்து போகும்போது, யாரை எடுக்க வேண்டும் என்று கை துடைக்கும் காகிதத்தில் எழுதி அவர் கோட்டுப் பையில் செருகலாம். எண்ணெய்க் கறையோடு வீட்டுக்கு வரும் அவற்றை மார்கிட் வெளியே எடுத்துப் போடுவாள்.

"எல்லாம் ஒரே பாட்டுதான். குவார்ட்டர்பேக், குவார்ட்டர்பேக். ஒருத்தர் மட்டும் உன்னை மாத்தணும்னு எழுதியிருக்கார். கையெழுத்தப் பாத்தா நம்ம பாதிரியார் மாதிரி இருக்கு."

"அவருக்கு டிக்கெட் ஓசியிலதானே குடுக்கறோம்."

"அதான் பாவம், ஒரு ஆட்டம் விடாம உக்காந்து பாக்கறாரு."

வார்கா சிரித்தார். மார்கிட் சிரிக்கவில்லை.

"ஏமஸ் எப்படி இருக்கான்?"

"நல்லாத்தான் இருக்கான். டாக்டருங்க சரின்னுட்டாங்க."

"நான் டாக்டரைக் கேக்கல, எமெரி. உன்னைக் கேக்கறேன்."

ஏமஸ் டில்லார்ட் மூன்று வருடம் முன்பு வார்கா முதல் இலையில் எடுத்த குவார்ட்டர்பேக். மிசிசிப்பிப் பையன். வாயைத் திறந்தால் சார், அம்மா என்று மரியாதையாகப் பேசுவான். அந்த வருடமும் ஒரு நல்ல டேக்கிள் இருந்தான். வார்கா ஏமஸை எடுத்தார். போன டிசம்பரில் இடப்பக்கமிருந்து வந்த ஒருவன் ஏமஸைத் தலை மோதத் தரையோடு தரையாக்கினான். ஏமஸ் எழுந்தான், தலைக்கவசத்தைக் கழற்றினான், நிதானமாக நடந்துபோய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்தான். அரங்கமே சிரித்தது. வார்காவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை அவரால் இன்னும் விழுங்க முடியவில்லை.

(இங்கே எனக்கு ஏமஸ் மேல் சந்தேகம். முதல் வரைவில் அவன் குடிப்பான், எல்லாரையும் ஏசுவான். அப்படிப்பட்டவனுக்கு ஏதாவது ஆனால் வாசகர் "போகட்டும்" என்று தாண்டிவிடுவார். அதனால் நல்லவன் ஆக்கினேன். மலிவான தந்திரம்தான். ஆனால் ஆக்கிய பிறகு அவன் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய.)

4

எடுக்கும் நாள். மாலைதான் பெயரைச் சொல்ல வேண்டும். மதியம் வார்கா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வேலை போனால் போகட்டும், இந்த முறை சுவர். அப்போது ஏமஸ் கதவைத் தட்டினான்.

"உள்ள வரலாமா சார்?"

"வா. காபி குடிக்கறியா?"

வாங்கிக்கொண்டான். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொஞ்சம் தயங்கினான்.

"சார், முதல்ல யாரை எடுக்கப் போறீங்க? கேக்கக் கூடாதுதான். எங்கம்மா நேத்திலேருந்து போன் பண்ணிட்டே இருக்காங்க."

வார்கா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இடது டேக்கிள். அந்த அயோவா காலேஜ் பையன். வெளிய மூச்சு விடாத."

ஏமஸ் முகம் மெல்ல மலர்ந்தது. "எனக்காகவா சார்?"

"உன் முதுகுக்காக."

"அப்ப உங்க வேலை?"

"அதை நான் பாத்துக்கறேன். நீ எறியறதப் பாரு."

ஏமஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அம்மாவின் நாயைப் பற்றிச் சொன்னான். வாத்தைக் கண்டால் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளுமாம். வார்கா வாய்விட்டுச் சிரித்தார். பல மாதங்களில் அவருக்குக் கிடைத்த நல்ல அரைமணி நேரம் அது. ஏமஸ் சன்னலுக்கு வெளியே, ஆட்கள் புல் வெட்டிக்கொண்டிருந்த மைதானத்தைப் பார்த்தான். பிறகு திரும்பி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொஞ்சம் தயங்கினான்.

"சார், முதல்ல யாரை எடுக்கப் போறீங்க? கேக்கக் கூடாதுதான். எங்கம்மா நேத்திலேருந்து —"

கேலி செய்கிறான் என்று நினைத்து வார்கா புன்னகைத்தார். அந்த முகத்தில் கேலி இல்லை.

"டேக்கிள்," என்றார்.

"எனக்காகவா சார்?" என்றான் ஏமஸ். அதே மலர்ச்சி, துளியும் குறையாமல்.

வார்காவுக்குப் புரிந்தது. தன் வேலையை விற்று அவர் கட்டப்போகும் சுவருக்குப் பின்னால் நிற்க ஆள் இல்லை. இருந்தவன் டிசம்பரிலேயே எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான். டாக்டர்களுக்குத் தெரியவில்லை. ஏமஸுக்கே தெரியவில்லை. தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அவனைத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போக விட அவருக்கு மனசில்லை. "சாயந்தரம் வரைக்கும் இங்கயே இரு, சேர்ந்து பாக்கலாம்," என்றார். ஏமஸ் சந்தோஷமாக மூலை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

5

முடிவுகள். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ஏமஸை அனுப்பிவிட்டு டெக்சாஸ் பையன் ஒருவனைக் குவார்ட்டர்பேக்காக எடுக்கிறார். மண்டபத்தில் பீர் வழிகிறது. காகிதங்கள் ஜெயிக்கின்றன. வார்காவுக்கு இரண்டு வருடம் ஆயுள் நீள்கிறது. மூன்றாவது வருடம் டெக்சாஸ் பையன் அதே நாற்காலியில் உட்கார்ந்து அவரிடம் ஏதோ கேட்கிறான். நிஜத்தில் இதுதான் நடக்கும். அதனாலேயே எனக்கு எழுதப் பிடிக்கவில்லை.

இரண்டாவது: டேக்கிளை எடுக்கிறார், ஏமஸைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. செப்டம்பரில் இடப்பக்கமிருந்து ஒருவனும் ஏமஸை நெருங்க முடியவில்லை. அக்டோபரில் வலப்பக்கமிருந்து ஒருவன் —

(இதை முடிக்க மாட்டேன்.)

மூன்றாவது: டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்கிறார். இனி அவன் ஆடக்கூடாது. நியாயமான முடிவு இதுதான் என்று நீங்கள் இதற்குள் சொல்லியிருப்பீர்கள், எனக்கும் தெரியும். ஆனால் ஏமஸ் எதிரே உட்கார்ந்து நாய்க்கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். எறிவதைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தெரியாது. வார்காவின் கையை எத்தனை முறை போனை நோக்கி அனுப்பினாலும், அது பாதி வழியில் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொள்கிறது.

அப்புறம்தான் தோன்றியது, எழுதுகிறவன் நான்தானே என்று. நான்காம் பகுதிக்குப் போய் இரண்டாவது கேள்வியை அடித்துவிட்டேன். ஏமஸ் ஒரே முறை கேட்டான். பதில் கேட்டுச் சிரித்தான். கையசைத்துவிட்டுத் தானே கார் ஓட்டிப் போனான். நல்ல மனிதர் ஒருவர் நல்ல காரியம் செய்தார், சுபம். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் எடுத்துப் படித்தேன். ஏமஸுக்கு எதுவுமே ஆகவில்லை என்று எழுதியிருந்தது. டாக்டர்கள் சொன்னதும் அதையேதான். வெட்கமாக இருந்தது. அடித்ததைத் திரும்ப எழுதினேன்.

யோசித்தால், நானும் வார்கா செய்ததைத்தான் செய்திருக்கிறேன். கதைக்கு அடிபட ஒருவன் வேண்டியிருந்தது. மிசிசிப்பியிலிருந்து ஒரு நல்ல பையனைக் கூட்டிவந்து நடுவில் நிறுத்தினேன். அவன் முதுகுக்கு யார் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

6

மாலை. லீக் அலுவலகத்து ஆள் போனில் காத்திருக்கிறார். பத்து நிமிடத்துக்குள் ஒரு பெயர் சொல்ல வேண்டும், பாதிக்கு மேல் போய்விட்டது. மண்டபத்தில் ஊர் கூடித் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் மார்கிட் தொலைக்காட்சியைப் போடவே இல்லை. வார்கா போனைக் காதில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

எனக்கு இதற்கு மேல் ஓடவில்லை. போனை உங்கள் கையில் கொடுத்துவிட்டேன்.

மூலை நாற்காலியில் ஏமஸ் ஆறிப்போன காபியைக் கீழே வைக்கிறான். தலையை ஒரு பக்கம் சாய்க்கிறான்.

"சார், முதல்ல யாரை எடுக்கப் போறீங்க? கேக்கக் கூடாதுதான்."

போனில் இருப்பவருக்கு நீங்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் ஊர் கொண்டாடும், இல்லை ஏசும். பிறகு மறந்துவிடும். அது பெரிய காரியமில்லை. அவர் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் இவனுக்குப் பதில் சொல்லுங்கள்.