சக்கரை போடாத யோகா

ஓவன் கதவைத் திறந்ததும் மாம்பழ வாசனை முதலில் வந்தது, வறுத்த ஓட்ஸ் வாசனை அதற்குப் பின்னால் வந்தது. யோகப்பிரியா ஒரு குக்கீயை விரலால் அழுத்திப் பார்த்தாள். ஓரம் முறுகியிருக்க வேண்டும், நடு மெத்தென்று இறங்க வேண்டும். இறங்கியது. அப்பாடா என்றிருந்தது. மற்ற நாளில் கருகினால் மாட்டுக்குப் போட்டுவிடலாம், இன்றைக்குக் கருகினால் மானம் போய்விடும். வண்டித்தாவளத்தில் நங்கை கோகிலவாணியின் மகள் நிகிதாவுக்குக் காதுகுத்து. கோகிலவாணி வேறு யாருமில்லை, யோகப்பிரியாவின் கணவன் மோகனசுந்தரத்தின் கூடப்பிறந்த அக்கா. தாய்மாமன் வீட்டுச் சீர் என்று பட்டுப்பாவாடை, தங்கத் தோடு, தேங்காய், பழம், இந்தப் பக்கம் அஸ்கா என்று சொல்கிற வெள்ளைச் சர்க்கரை எல்லாம் தட்டில் ஏறிவிட்டன. அது போதாதென்று நங்கை போனில் உத்தரவு போட்டிருந்தாள். “அம்முணி, உன்ற பிஸ்கட்டு ஒரு தட்டு வந்தாகோணும். வர்ற புள்ளைக எல்லாம் அதத்தான் கேக்குதுக.”

அந்தப் பிஸ்கட்டின் பெருமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலமடையில் அவர்கள் தோப்புச் செந்தூர மாம்பழத்தைச் செங்காயாக இருக்கும்போதே சீவி, மொட்டைமாடியில் வலை மூடி உலர்த்திய துண்டுகள். தோல் கறுத்த நேந்திரம்பழம். வறுத்துப் பொடித்த ஓட்ஸ். வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, பேருக்கு இரண்டு பேரீச்சை. சர்க்கரை கிடையாது, வெல்லம் கிடையாது, தேன்கூடக் கிடையாது. முதல் தடவை தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது பாதிப் பேர் துப்பினார்கள். ஒருத்தன் மரியாதையாகக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் நாய்க்குக் கொடுத்தான். யோகப்பிரியா விட்டாளா! பழத்தைக் கூட்டினாள், ஓட்ஸைக் குறைத்தாள், மறுபடி கூட்டினாள். கடைசியில் பிள்ளைகள் தாமாகவே கேட்டு வந்தார்கள். தாய்மார்களும் பின்னாலேயே வந்தார்கள். போனில் எதையோ பார்த்துவிட்டு இப்படிப் பிள்ளை வளர்க்கிறாள், நாமும் வளர்ப்போமே என்று செய்முறை கேட்டார்கள். சொந்தபந்தத்தில் அவளுக்குப் பெயரே ‘சக்கரை போடாத யோகா’ என்றாகிவிட்டது. கொஞ்சம் கேலி, கொஞ்சம் பொறாமை. அவள் சிரித்துக்கொள்வாள். பெரிய படிப்புக்காரி, டவுன்காரி என்ற பட்டத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வாள். வாங்காமல் என்ன செய்வது? உண்மையைச் சொல்ல முடியாதே.

உண்மை என்னவென்றால், அவள் மகள் தர்ஷிகாவுக்கு ஏழு வயதில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. காய்ச்சல் என்று பாலக்காட்டுக்குக் கூட்டிப்போன பிள்ளையை ஐ.சி.யு.வில் வைத்தார்கள். உடம்பில் இன்சுலின் சுரக்கவில்லை, இனி ஆயுசுக்கும் ஊசிதான் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலில் வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மோகனசுந்தரம் கண்ணைத் துடைத்தான். துடைத்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, “அக்காளுக்குத் தெரிய வேண்டாம்” என்பது.

அவன் கெட்டவனில்லை. ஊசி போட அவளுக்கு முன்னால் கற்றுக்கொண்டவன் அவன்தான். ஆனால் தர்ஷிகா பிறந்த அன்றே கோகிலவாணி தொட்டிலுக்குள் கையை விட்டு, “இவ என்ற பையனுக்குத்தான், எழுதி வெச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டாள். முறை இருக்கிறது, தோப்பு பக்கத்துத் தோப்பு. அந்தப் பேச்சை மோகனசுந்தரம் சும்மா பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. “நாளைக்கு ஊசி போடற புள்ளைய எவன் கட்டுவான்? நீயே சொல்லு” என்பான். எட்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். பயம் அவளுக்கும் இருந்தது, அதுதான் நிஜம். ஆஸ்பத்திரியில் ஊசி போடக் கற்றுக்கொடுத்த பீர்மேட்டுக்காரி நர்ஸ் ஜிஜி மட்டும் முதல் நாளே சொன்னாள். “சேச்சி, இது ஒளிச்சு வைக்கற காரியமில்ல. அடுத்திருக்கறவங்க அறிஞ்சாத்தான் ஒரு அவசரத்துக்கு ஆகும்.” யோகப்பிரியா தலையாட்டிவிட்டு வந்தாள்.

பிறகு ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனார்கள். எல்லாப் பிள்ளைகளும் கேக்கைப் பூசிக்கொண்டு திரிய, தர்ஷிகா மூலையில் உட்கார்ந்து அம்மா கொடுத்த டப்பாவைத் திறந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். “நா மட்டும் ஏம்மா தனி டப்பா?”

அந்தக் கேள்விக்குத்தான் இந்த ஓவன் வாங்கியது. மகளைச் சபையோடு சாப்பிட வைக்க முடியாது, சரி. சபையை மகளோடு சாப்பிட வைத்துவிட்டால்? எங்கே போனாலும் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஒரே பிஸ்கட். யாருக்கும் சந்தேகம் வராது, தன் பிள்ளைக்கும் மனம் நோகாது. கெட்டிக்காரத்தனம்தான். அவளே தன்னை மெச்சிக்கொண்ட நாட்கள் உண்டு.

மண்டபத்து வாசலில் வேன் நின்றதும் மோகனசுந்தரம் அவள் கைப்பையை எட்டிப் பார்த்தான். குளுக்கோஸ் பாக்கெட் தலை நீட்டிக்கொண்டிருந்தது. “அத எதுக்கு எல்லாருங் கண்ணுலயும் படற மாதிரி வெச்சிருக்கற?” என்று எடுத்து டாஷ்போர்டுக்குள் போட்டான். இறங்கினால் கூட்டம், குளியலறை வாசலிலும் கூட்டம். ஆகவே ஊசியை வேனுக்குள்ளேயே போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. யோகப்பிரியா சேலை முந்தானையை மறைவாகப் பிடித்துக்கொண்டு தர்ஷிகாவின் வயிற்றில் குத்தினாள். பிள்ளை முகம் சுளிக்கக்கூட இல்லை. ஊசி போட்டால் சீக்கிரம் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வந்துவிடும்; அந்த அவசரத்துக்குத்தான் குளுக்கோஸ். போனதும் டிபன்தானே, இலை போட்டுவிட்டார்கள் என்று போனில் சொல்லியிருந்தார்களே என்ற தைரியம்.

இலை போட்டுத்தான் இருந்தார்கள். தாய்மாமன் வீட்டாருக்குத்தான் போடவில்லை. மாமன் மடியில் பிள்ளையை வைத்துக் காது குத்தி முடிகிறவரை மாமன் வீட்டார் கை நனைப்பதில்லை என்பது நங்கையின் புகுந்த வீட்டு வழக்கம். நங்கையின் மாமியார் சாந்தம்மாள் இந்த மாதிரி விஷயங்களில் சுப்ரீம் கோர்ட். “அஞ்சு நிமிஷமுங்க, பத்தர் வந்ததும் ஆயிருமுங்க” என்றாள். காது குத்தும் பத்தரோ வரவில்லை. அவர் பைக் வழியில் பஞ்சர். அவரைக் கூட்டிவர யாரோ வேன் சாவியைக் கேட்டார்கள், மோகனசுந்தரம் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தான். குளுக்கோஸ் பாக்கெட்டும் வேனோடு போயிற்று. சீர்த்தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்ற யோகப்பிரியாவுக்கு அது உறைத்தபோது வேன் ரோட்டில் திரும்பிவிட்டிருந்தது.

அவள் தட்டைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் தர்ஷிகாவிடம் ஓடினாள். பிள்ளைகள் கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் எல்லார் கையிலும் குக்கீ. நிகிதாகூடப் பட்டுப்பாவாடையில் துகளைச் சிந்திக்கொண்டு கடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாள் ஆசைப்பட்ட காட்சி! தர்ஷிகா கையிலும் இரண்டைத் திணித்து, “தின்னு கண்ணு, வேகமாத் தின்னு” என்றாள். பிள்ளை தின்றாள். ஆனால் அது வேகமாக ஏறுகிற தீனி இல்லையே. ரத்தத்தில் சர்க்கரை மெல்ல மெல்ல ஏற வேண்டும் என்று, ஒவ்வொரு தடவையும் விரலைக் குத்தி அளந்து பார்த்து அவளே பாடுபட்டுச் செய்த பண்டம். மெல்லத்தான் ஏறும். தர்ஷிகாவின் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. கை நடுங்கியது. கடித்த குக்கீ மடியில் விழுந்தது.

“அம்மா, வெளிச்சமெல்லாம் ஒரு மாதிரி இருக்குது” என்றாள்.

யோகப்பிரியா மேடையைப் பார்த்தாள். மனையில் உட்கார்ந்திருந்த மோகனசுந்தரம் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துவிட்டது. ஆனால் தலையை மட்டும் மெல்ல அசைத்தான், வேண்டாம் என்று. சத்தம் போடாதே என்று. அந்த ஒரு அசைப்பை அவள் ஆயுசுக்கும் மறக்கப்போவதில்லை. அதற்குள் பிள்ளை நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

“சக்கரை! யாராச்சும் சக்கரை குடுங்க! அஸ்காவ எடுங்க!”

மண்டபமே திரும்பியது. யாரோ ஒருத்தி சிரித்தாள். சக்கரை போடாத யோகாவா சக்கரை கேட்கிறாள்? வேடிக்கைதான்.

“எம் புள்ளைக்குச் சக்கரை வியாதிங்க! ஊசி போட்டிருக்குது! சக்கரை எறங்கிப்போச்சு, எடுங்க!”

சிரிப்பு நின்றது. யாரும் நகரவில்லை. சாந்தம்மாள்தான் முன்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏனம்மிணி, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? சக்கரை வியாதிக்காரப் புள்ளைக்குச் சக்கரை குடுத்துக் கொல்லப் பாக்கறயா?” என்றாள். நல்லெண்ணம்தான், பாவி! யோகப்பிரியா அந்தக் கையை உதறித் தள்ளினாள். சபைக்கு இன்னும் வைக்காத சீர்த்தட்டில் மஞ்சள் குங்குமம் வைத்து அஸ்கா பாக்கெட் இருந்தது. அதைப் பல்லால் கிழித்தாள். தேங்காய் உருண்டது. ஒரு பிடி அள்ளி, தண்ணீரில் குழைத்து, பிள்ளையின் கன்னத்துக்குள் ஈறோடு சேர்த்துத் தேய்த்தாள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. “முழுங்கு சாமி, முழுங்கு.” சர்க்கரையை விஷம் மாதிரி வீட்டை விட்டு விரட்டியவள், இப்போது அதைக் கும்பிட்டுக்கொண்டு ஊட்டினாள்.

தர்ஷிகா முழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் கண்ணில் பார்வை திரும்பியது. சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். “சொல்லீட்டியாம்மா?”

பத்தர் வந்தார். நல்ல நேரம் தவறக் கூடாதென்று காதுகுத்து நடந்தது. மாமன் மடியில் நிகிதா வீறிட்டு அழுதாள், பொன் தோடு ஏறியது, கொட்டு மேளம் முழங்கியது. கிழிந்த பாக்கெட்டுக்குப் பதிலாகச் சமையல்கட்டிலிருந்து வேறு அஸ்கா வந்து சீர்த்தட்டில் உட்கார்ந்துகொண்டது. இலை போட்டு இட்லி வந்தது, தர்ஷிகா சாப்பிட்டாள். அந்தப் பந்தியில் அவர்களுக்கு இரண்டு பக்கத்து நாற்காலியும் காலி.

கோகிலவாணி வந்தாள். கண் சிவந்திருந்தது. “என்றகிட்டக்கூட மறச்சுட்டீங்களே அம்முணி. நா என்ன அந்நியமா?” என்றாள். நியாயமான கேள்வி. யோகப்பிரியா அவள் கையைப் பிடிக்கப் போனாள். கோகிலவாணி தர்ஷிகாவின் தலையை ஒரு தடவை தடவினாள். தினமும் போனில் ‘என்ற மருமவ என்ன பண்றா’ என்று கேட்கிற வாய், “பாத்துக்கோ கண்ணு” என்று மட்டும் சொன்னது. மருமவ என்ற சொல்லை அவள் எங்கேயோ இறக்கி வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற மோகனசுந்தரத்தின் காதிலும் அது விழாமல் இருக்காது.

அப்புறம்தான் சாந்தம்மாளின் குரல், பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி. “அப்ப அந்தப் பிஸ்கட்டு வியாதிக்குச் சுட்டதா? இத்தன நாளா நம்ம புள்ளைகளுக்கு மருந்தயா குடுத்துட்டிருந்தா? சீக்கு இல்லாத புள்ளைகளுக்கு அது என்ன பண்ணுமோ ஏது பண்ணுமோ!”

“இல்லீங்க, அது வெறும் பழமும் ஓட்ஸுமுங்க. எல்லாரும் திங்கலாமுங்க” என்றாள் யோகப்பிரியா. செய்முறை கேட்டு எழுதிக்கொண்டு போன பெண்கள் இரண்டு மூன்று பேர் அங்கேயே இருந்தார்கள். ஒருத்தியாவது ஆமாம் என்று சொல்வாளா என்று முகம் முகமாகப் பார்த்தாள். அவர்கள் பிள்ளைகளைத் தேடி எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். இவள் கண்முன்னால் சின்னச் சின்னக் கைகளிலிருந்து குக்கீகள் பிடுங்கப்பட்டன. ஒரு பையன் தரமாட்டேன் என்று அழுது முதுகில் ஒன்று வாங்கினான். இலை எடுக்க வந்த ஆள் எல்லாவற்றையும் எச்சில் இலையோடு சேர்த்து வாளியில் வழித்துப் போட்டான்.

மோகனசுந்தரம் பக்கத்தில் வந்து நின்றான். அவளைப் பார்க்கவில்லை. “கொஞ்சம் பொறுத்திருந்தா வேன் வந்திருக்குமில்ல” என்றான்.  பதில் சொல்லத் தொடங்கினால் இந்த மண்டபம் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். தட்டில் மிச்சமிருந்ததை டப்பாவில் அள்ளினாள்.

வேனில் ஏறித் தர்ஷிகாவை ஜன்னலோரம் உட்கார வைத்தபோது நிகிதா ஓடி வந்தாள். காது இரண்டும் சிவந்து வீங்கி, அதில் புதுத் தோடு. அழுத கண்ணீர் கன்னத்தில் காய்ந்திருந்தது. உள்ளங்கையில் எதையோ பொத்திக்கொண்டிருந்தாள். எம்பி, ஜன்னல் வழியாக அதைத் தர்ஷிகாவின் கையில் வைத்தாள். பாதி கடித்த குக்கீ.

“அக்கா, இது உன்ற மருந்தாமா. நா தெரியாமத் தின்னுட்டேன். மிச்சத்தக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க.”

அவ்வளவுதான் அவள் வேலை. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடிவிட்டாள். தர்ஷிகா அதைத் திருப்பிப் பார்த்தாள். கடித்த ஓரத்தில் குட்டிப் பற்களின் தடம் வரிசையாக இருந்தது. வேன் கிளம்பியது. அம்மா மடியிலிருந்த டப்பாவை அவள் தன் மடிக்கு இழுத்து, மூடியைத் திறந்து, அந்தப் பாதியை மற்றவற்றின் மேல் வைத்து அழுத்தி மூடினாள். பிறகு வீடு வருகிறவரை இரண்டு கையாலும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.