சொந்தக் காலில் நிற்பவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம்

நிவாரண அமைப்பின் மண்டபத்தில், முன்வரிசையில், ரோஜாப்பூ குத்தி உட்கார வைத்திருந்தார்கள் மடிப்பக்காவை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை என்பதால் அந்தப் பட்டப்பெயர். அகதியாக வந்து இறங்கியவர்களில் முதன்முதலாக நிரந்தர வேலை கிடைக்கப்போவது அவளுக்குத்தான். அதைக் கொண்டாடத்தான் விழா.

இன்றோடு தகுதிகாண் காலம் முடிகிறது. நாளை உத்தரவு கைக்கு வந்துவிட்டால், பேக்கரிக்கு மேலே உள்ள அறையைத் தருவதாக வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருக்கிறார். முகாமில் அவளும் மகளும் ஒரு திரைக்குப் பின்னால் குடித்தனம் நடத்துகிறார்கள். அந்த அறைக்கோ கதவு இருந்தது, கதவுக்கு உள்தாழ்ப்பாளும் இருந்தது. பார்க்கப் போன அன்று மகள் ஓயாமல் அதைப் போட்டுப் போட்டுத் திறந்துகொண்டிருந்தாள்.

ஆனால் ஏற்கெனவே இரண்டு தடவை வேலைக்குத் தாமதம். ஒருதடவை, இந்த அமைப்புக்காரர்கள் அவளை நிற்க வைத்துப் படம் எடுத்ததால். இன்னொரு தடவை, இவர்களே நடத்திய நேரந்தவறாமைப் பயிற்சி நேரத்துக்கு முடியாததால். "இனியும் லேட்டா வந்தா கேட்லேருந்தே திரும்பிடுங்க" என்று சூப்பர்வைசரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

இரண்டு மணிக்கு ஷிப்ட். சிறப்பு விருந்தினராக வரவேண்டிய, நிதி தரும் அறக்கட்டளைத் தலைவரின் நிழலைக்கூடக் காணோம்.

"சார், நான் கிளம்பறேன். வேலை போயிடும்" என்றாள் திட்ட அலுவலரிடம். நல்ல மனுஷர். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார், யார் பேச்சையும் காதில் வாங்கவும் மாட்டார்.

"என்னக்கா இது? கல்யாணப் பொண்ணே எழுந்து போனா எப்படி? தலைவர் மனசு வச்சாதான் முகாமுக்கு அடுத்த வருஷ நிதி. உங்க ஜனங்க சாப்பாடே அதுதான்க்கா! இதோ, அஞ்சு நிமிஷம்."

பின்வரிசையில் அவள் ஜனங்கள் குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

தலைவர் ஆற அமர வந்தார். நேரத்தின் அருமை பற்றி நீண்ட நேரம் பேசினார். ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பரிசளித்தார். அதில் பேட்டரி இல்லை. மண்டபத்துக் கடிகாரத்திலோ மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அவள் கைப்பையில் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்திருந்த போனில் சலவைக்கூடத்தின் எண். கையில் மைக்கைத் திணித்தார்கள்.

"என் வேலை இப்பதான் போச்சுங்க" என்றாள். "உங்களுக்காகக் காத்திருந்துதான் போச்சு. யாராவது சூப்பர்வைசரம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசுங்களேன்."

தலைவருக்கு அவள் மொழி தெரியாது. திட்ட அலுவலர் அவர் காதோரம் குனிந்து மொழிபெயர்த்தார்: "சந்தோஷத்தில் அவங்களுக்குப் பேச்சே வரலையாம்."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. பின்வரிசையில் ஒரு கையும் அசையவில்லை.

மறுவாரம் வேலை கேட்டு அமைப்பின் அலுவலகத்துக்குப் போனாள். அலுவலர் தலைக்கு மேலே, பெரிய சட்டத்துக்குள், கையில் கடிகாரத்தோடு அவளே நின்றுகொண்டிருந்தாள். கீழே 'சொந்தக் காலில்' என்று கொட்டை எழுத்து.

"வேலை போன காரணம் என்னக்கா?"

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

"பதிவுக்காகக் கேக்கறேன்." அவரே கணினியில் தட்டினார்: பணிக்கு நேரத்துக்குச் செல்லவில்லை. "கவலையே படாதீங்க. வியாழக்கிழமை நேரந்தவறாமைப் பயிற்சி இருக்கு. முதல்லேருந்து சேர்த்து விடறேன்."

பையிலிருந்த கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அலுவலர் பதறினார். "ஐயோ, பரிசைத் திருப்பி வாங்க எங்ககிட்ட வழியே இல்லையேக்கா! வீட்ல மாட்டி வையுங்க."

"மாட்டறதுக்குச் சுவர் வேணுமே சார்" என்றாள். "எங்ககிட்ட இருக்கறது திரைதான்."