தலைக்கும் தொப்பிக்கும் நடுவே ஒரு தாள்

ஈஸ்டருக்கு முந்தைய நாள். அமெரிக்காவின் பர்மிங்காமில் வெர்னெல்லின் தொப்பிக் கடையில் கறுப்பினப் பெண்கள் மொய்த்துக் கிடந்தார்கள்.

"இந்த ஊதாவைப் போட்டுட்டு சர்ச்சுல முன்வரிசையில உட்காராதடி, பாதிரியாருக்குப் பேச்சே வராது," என்றாள் ஒருத்தி.

அப்போது ஒரு வெள்ளைக்காரி தன் தாயைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். கிழவியைப் பார்த்ததும் வெர்னெல் அடையாளம் கண்டுகொண்டாள். கறுப்பர்களை ஒதுக்கிவைத்த அந்தக் காலத்தில் டவுனில் தொப்பி விற்றவள். வெர்னெல்லின் அம்மா ஒரு தொப்பியைப் போட்டுப் பார்க்கக் கேட்டபோது, எல்லார் முன்னாலும் அம்மாவின் தலைமேல் முதலில் ஒரு தாளை விரித்தவள். "உன் தலை எண்ணெய் தொப்பியில ஒட்டிக்கும்," என்றாள். அம்மா அதன்பிறகு அந்தக் கடை வாசலை மிதிக்கவில்லை. தன் தொப்பியைத் தானே தைத்துக்கொண்டாள்.

மகள் மஞ்சள் தொப்பி ஒன்றைக் கேட்டாள். வெர்னெல் ஒரு தாளை எடுத்து அவள் தலையில் நிதானமாக விரித்து, அதன்மேல் தொப்பியை வைத்தாள். கடையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தாள் எதுக்குங்க?"

"உங்கம்மாவைக் கேளுங்க. அவங்க கத்துக்கொடுத்த பழக்கம்தான்."

வெர்னெல் கண்ணாடியை எடுத்து, மகளுக்குப் பின்னால் கிழவியின் முகமும் தெரியும்படி திருப்பிப் பிடித்தாள். கிழவி வாயைத் திறக்கும்வரை அதை இறக்குவதாக இல்லை.